வாசகர் கேள்வி–பதில்: ‘ஹால்சியன் டேஸ்’ என்றால் எந்த நாட்கள்?

‘ஹால்சியன்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றிக் கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், திருச்சி): மாதிரித் தேர்வு ஒன்றில் ‘ஹால்சியன்’ என்ற பெயரடைக்கு இணையான சொல் கேட்டிருந்தார்கள். காம், ஹோலி, ஏன்ஷியன்ட், ஸ்டார்மி என்று நான்கு விடைகள். எது சரி? இதை எப்படி உச்சரிப்பது, எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: ‘காம்’தான் சரியான விடை. புனிதமான என்று பொருள்படும் ‘ஹாலோட்’ என்ற சொல்லின் சாயல் காதில் விழுவதால் பலர் ‘ஹோலி’யில் போய் விழுவார்கள். கேள்வி தயாரித்தவர் வைத்த கண்ணியே அதுதான். பழைய புத்தகங்களில் கண்ட ஞாபகத்தில் ‘ஏன்ஷியன்ட்’டைத் தொடுகிறவர்களும் உண்டு.

அகராதிகள் இதற்கு அமைதியான, கொந்தளிப்பில்லாத, இன்பமான, செழிப்பான என்று பொருள் தருகின்றன. தேர்வுக்கு இவ்வளவு போதும். கட்டுரை எழுத இது போதாது. இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் காலத்தைத்தான் வருணிக்கும். அதுவும் கடந்துபோன காலத்தை. பின்னால் ஒரு தொல்லை வந்தது, அதற்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்தது என்ற நினைப்பு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். 1914இல் முதல் உலகப் போர் மூளுவதற்கு முந்தைய இங்கிலாந்தின் கோடைகளை எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

எழுத்துகள்: எச், ஏ, எல், சி, ஒய், ஓ, என். ஒய் இருக்கும் இடத்தில் ஐ போடுவதுதான் வழக்கமான பிழை. உச்சரிப்பில் மூன்று அசை: ஹால்–சி–அன். அழுத்தம் முதல் அசைக்கு. அதில் வரும் உயிரொலி நம் ஆகாரம் அல்ல. கிரிக்கெட் ‘பேட்’டில் ஆங்கிலேயர் ஒலிக்கிறார்களே, ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில், அது. சி-க்குப் பின் ஒய் வருவதால் ‘சைக்கிள்’ போல ச ஒலிதான். ‘ஹால்கியன்’ என்று படிக்கக் கூடாது.

இலக்கணத்தில் இது பெயருக்கு முன்னால் நிற்கவே விரும்பும். டேஸ், இயர்ஸ், சம்மர்ஸ், ஈரா ஆகியவை இதன் வழக்கமான கூட்டாளிகள். ‘த ஹால்சியன் டேஸ் ஆஃப்…’ என்று தொடங்கி, எதனுடைய நாட்கள் என்பதைப் பின்னால் சேர்த்துவிட்டால் வாக்கியம் இயல்பாக அமையும். ‘டேஸ்’ பன்மையில்தான் வரும். ‘எ ஹால்சியன் டே’ என்று ஒருமையில் காண்பது அரிது. ‘மை லைஃப் இஸ் ஹால்சியன்’ என்று வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிறுத்தினால் இலக்கணப் பிழை ஆகாது, ஆனால் படிக்கிறவர் புருவத்தைத் தூக்குவார். ‘மோர் ஹால்சியன்’ என்று ஒப்பிடுவதைத் தவிருங்கள். அமைதியான சுபாவம் உள்ள மனிதருக்கும் இது பொருந்தாது. அங்கே ‘காம்’ அல்லது ‘ப்ளாசிட்’ போடுங்கள்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): பறவைகள் கையேட்டில் நம் ஊர் வெண்மார்பு மீன்கொத்தியின் அறிவியல் பெயர் ‘ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லா, தற்செயலா?

பதில்: ஒரே சொல்தான். பறவையின் பெயராக இருந்து பிறகு பெயரடை ஆனது. கிரேக்கத்தில் ‘அல்க்யோன்’ என்றால் மீன்கொத்தி.

கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட், ‘மெட்டமார்ஃபசிஸ்’ நூலின் 11ஆம் காண்டத்தில் விரிவாகச் சொல்கிறார். டிராக்கிஸ் நாட்டு அரசன் சீயிக்ஸ். அவன் மனைவி அல்சியோன், காற்றுகளைக் கட்டி ஆளும் ஏயோலசின் மகள். குறி கேட்க கிளாரோசுக்குக் கடல்வழியே புறப்படுகிறான் கணவன். வேண்டாம் என்று தடுக்கிறாள் அவள். தந்தை வீட்டில் காற்றுகளின் குணத்தைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா. அவன் கேட்கவில்லை. கப்பல் புயலில் மூழ்குகிறது. செய்தி தெரியாமல் அவள் அவனுக்காக வழிபட்டுக்கொண்டிருக்கிறாள். இறந்தவனுக்கான அந்த வேண்டுதலைத் தாங்க முடியாத ஜூனோ தேவி, உறக்கத்தின் கடவுளுக்கு ஆள் அனுப்ப, அந்தக் கடவுளின் மகன் மார்ஃபியஸ் அவள் கனவில் கணவனின் உருவில், உடலெல்லாம் நீர் சொட்ட வந்து நிற்கிறான். விடிந்ததும் கரைக்கு ஓடுகிறாள். உடல் ஒதுங்கி வருகிறது. அதை நோக்கித் தாவுகிறவள் நடுவழியிலேயே பறவையாகிறாள், அவனும் பறவையாகிறான். அதன் பிறகு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஏழு நாட்கள் அவள் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அடைகாக்க, பேரப்பிள்ளைகளுக்காக ஏயோலஸ் காற்றுகளை வெளியே விடாமல் பூட்டி வைக்கிறான்.

ஏழா, பதினான்கா என்று சில புத்தகங்கள் முரண்படுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓவிட் சொல்வது 7. அவருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றிய நூலில், குளிர்காலச் சங்கராந்திக்கு (டிசம்பர் பிற்பகுதியில் பகல் மிகக் குறுகும் நாள்) முன் 7, பின் 7 என்று எழுதுகிறார்: முதல் ஏழில் கூடு கட்டும், அடுத்த ஏழில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்று மக்கள் சொல்வதாக. கூடவே ஒரு எச்சரிக்கையும் வைக்கிறார். கிரேக்கப் பகுதிகளில் இந்த அமைதி எல்லா ஆண்டும் சங்கராந்தியை ஒட்டி வந்துவிடாது, சிசிலிக் கடலில்தான் ஏறக்குறைய தவறாமல் வரும் என்கிறார்.

இந்தச் சில நாட்களுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? மத்தியதரைக் கடலில் குளிர்காலம் என்றால் கப்பல் கரையேற வேண்டிய காலம். ரோமானியர் கணக்கில் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடிய பருவம். அந்த நான்கு மாதத்தின் நடுவில் டிசம்பர் கடைசியில் காற்று அடங்கி வெயில் அடிக்கிறது என்றால், அதற்கு ஒரு தெய்வக் காரணம் தேடத்தான் செய்வார்கள். அந்த நாட்களை இன்றைய கிரேக்கரும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள், அதிகமும் ஜனவரியை ஒட்டி. வானிலைக் காரணம் எளிது: உயர் அழுத்த மண்டலம் அந்தப் பகுதியின் மேல் வந்து தங்கும்போது காற்று தளர்ந்து மேகம் கலைகிறது.

நம் வெண்மார்பு மீன்கொத்தியின் பெயருக்கு வருவோம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் இதைப் பட்டியலிட்டபோது ‘அல்சிடோ’ என்ற பேரினத்தில் வைத்தார். அது மீன்கொத்திக்கான லத்தீன் சொல். ‘ஸ்மிர்னென்சிஸ்’ என்றால் ஸ்மிர்னா ஊருக்குரியது. துருக்கியின் இன்றைய இஸ்மிர் நகரம். ‘ஹால்சியன்’ பேரினத்தை 1821இல் உருவாக்கியவர் வில்லியம் ஸ்வெயின்சன். இந்தப் பெயர் சூட்டும் கூட்டத்துக்கு விளையாட்டுப் புத்தியும் இருந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியான கூக்கபராவின் பேரினப் பெயர் ‘டசேலோ’. ‘அல்சிடோ’வின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் செய்த பெயர் அது. கணவனையும் விடவில்லை: மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோடைகளில் காணும் குட்டி மீன்கொத்தியின் பேரினம் ‘சீயிக்ஸ்’.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தச் சொல் ஒரு கட்டடத்தின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்காக 1932இல் கோவளம் கடற்கரையில் கட்டிய மாளிகைக்கு ‘ஹால்சியன் காசில்’ என்றுதான் பெயர்.

கேள்வி (பள்ளி மாணவர், கடலூர்): மீன்கொத்தி உண்மையில் கடலில் கூடு கட்டுமா?

பதில்: கட்டாது. எந்த மீன்கொத்தியும் மிதக்கும் கூடு கட்டுவதில்லை. சிறு மீன்கொத்தி ஆற்றங்கரையின் செங்குத்தான மண்சுவரில், பொதுவாக 60 முதல் 90 செ.மீ. நீளத்துக்கு வளை குடைந்து, அதன் முடிவில் உள்ள சிறு அறையில் முட்டையிடும். புல், இறகு என்று மெத்தை எதுவும் கிடையாது. தின்ற மீனின் செரிக்காத முள்ளையும் செதிலையும் பறவை உருண்டையாகக் கக்கும். அவை உதிர்ந்து தரையில் பரவிக் கிடக்கும். முட்டைகள் அந்த முள்குப்பை மேல்தான் இருக்கும். குஞ்சுகள் வளர வளர வளை வாயில் வழியே எச்சம் ஒழுகி நாற்றம் எடுக்கும்.

இதைத் தெரிந்துகொண்டு அரிஸ்டாட்டிலைப் படித்தால் ஒரு வேடிக்கை. அல்க்யோனின் கூடு மீன்முள்ளால் ஆனது என்று ஊகிக்கிறார்கள் என அவர் எழுதி வைத்திருக்கிறார். யாரோ வளையைத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் வருணிக்கும் கூட்டின் உருவம் கடலில் உருண்டு கரை ஒதுங்கும் பந்து போன்ற பொருள்களை ஒத்திருக்கிறது. கடற்பஞ்சும் மென்பவளமும் கரையில் கிடப்பதைப் பார்த்து, கடல்மேல் மிதந்த கூடு இதுதான் என்று எண்ணியிருக்கிறார்கள். மென்பவளத்தின் ஒரு பேரினத்துக்கு இன்றும் ‘அல்சியோனியம்’ என்றே பெயர்.

பருவமும் இடிக்கிறது. டிசம்பர் பனியில் மீன்கொத்தி முட்டையிடாது. ஐரோப்பாவில் வசந்தத்தில்தான் இனப்பெருக்கம். அடைகாக்கவே ஏறத்தாழ மூன்று வாரம் வேண்டும், ஏழு நாளில் வேலை முடியாது.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): கிரேக்கத்தில் ‘அல்க்யோன்’ என்றால் ஆங்கிலத்தில் முன்னால் ஹகரம் எங்கிருந்து வந்தது?

பதில்: தவறான சொல்லாராய்ச்சியிலிருந்து. கிரேக்கத்தில் ‘ஹல்ஸ்’ என்றால் கடல், உப்பு. ‘க்யோன்’ என்றால் கருக்கொள்கிற. கடலில் கருக்கொள்ளும் பறவை என்று கதைக்குத் தோதாகப் பிரித்து, இல்லாத ஹகரத்தைப் பண்டைக் காலத்திலேயே முன்னால் ஒட்டிவிட்டார்கள். உண்மையில் ‘அல்க்யோன்’ என்பதன் வேர் தெளிவாகவில்லை. கிரேக்கர் வருவதற்கு முன் அங்கிருந்த மொழி ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர்களிடம் உள்ள ஒரு கருத்து. கதைக்கு ஏற்ற சொற்பிரிப்பு என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. நம் ஊர்ப் பெயர்களுக்குச் சொல்லும் தலபுராண விளக்கங்களும் இந்த ரகம்தான்.

கேள்வி (ஆங்கில ஆசிரியை, கோவை): என் மாணவர்கள் ‘ஹால்சியன் டேஸ்’, ‘ஹேடே’, ‘கோல்டன் ஏஜ்’ மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். நாளிதழ்களிலும் அப்படித்தான் பார்க்கிறேன். வேறுபாட்டை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: ‘ஹேடே’ என்றால் உச்சம். ஒரு நடிகரோ அணியோ தொழிலோ கொடிகட்டிப் பறந்த காலம். அங்கே பரபரப்பு இருக்கலாம், சண்டையும் இருக்கலாம். ‘கோல்டன் ஏஜ்’ என்றால் சாதனை. அந்தக் காலத்தில் உருவான படைப்புகளோ கண்டுபிடிப்புகளோ சாட்சியாக வேண்டும். ‘ஹால்சியன் டேஸ்’ இந்த இரண்டையும் கேட்பதில்லை. எதையும் சாதிக்காத, யாருக்கும் தெரியாத ஒரு சிற்றூரின் பத்து ஆண்டுகளையும் அப்படிச் சொல்லலாம், தொல்லை இல்லாமல் கழிந்திருந்தால்.

வகுப்பில் ஒரு சோதனை வையுங்கள். மாணவர் எழுதிய வாக்கியத்தில் அந்த நாட்களுக்கு முன்னாலோ பின்னாலோ வந்த புயல் எது என்று கேளுங்கள். போர், கடன், நோய், பிரிவு, விலையேற்றம் என்று ஏதாவது சொல்ல முடிந்தால் சொல் பொருந்துகிறது. ‘எதுவும் இல்லை, சும்மா நன்றாக இருந்தது’ என்றால் ‘ஹேப்பி’ போதும். ஓர் அணி தொடர்ந்து கோப்பை வென்ற ஆண்டுகளுக்கு ‘ஹால்சியன்’ போடும் விளையாட்டுச் செய்திகளை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ‘ஹேடே’தான் தேறும். செழிப்பு என்ற பொருளை அகராதிகள் ஏற்றிருப்பதால் அதைத் தவறு என்று அடிக்க முடியாது. நம்மைக் கேட்டால், மதிப்பெண்ணைக் குறைக்காமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம்.

இன்னொரு பிழை, எதிர்காலத்துக்குப் போடுவது. ‘ஐ விஷ் யூ எ ஹால்சியன் ஃபியூச்சர்’ என்று வாழ்த்து மடலில் எழுதினால், இடையில் கொஞ்ச நாள் நிம்மதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதாக ஆகிவிடும்.

நிகழ்காலத்துக்குப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அதில் மறக்க முடியாத எடுத்துக்காட்டு இங்கிலாந்துக் கவிஞர் தாமஸ் கேரு. 1632இல் சுவீடன் மன்னர் குஸ்தாவஸ் அடால்ஃபஸ் ஜெர்மனியில் நடந்த லுட்சன் போரில் இறந்தார். அவருக்கு இரங்கற்பா எழுதும்படி நண்பர் கேட்க, கேரு மறுத்துக் கவிதையிலேயே பதில் எழுதினார். ஜெர்மனியில் போர்முரசு முழங்கினால் நமக்கென்ன, நம்முடைய ஹால்சியன் நாட்களுக்கு ஆடலும் நாடகமுமே பொருத்தம் என்பது அதன் சாரம். அப்போது இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டுகொண்டிருந்தார், 1629 முதல் 1640 வரை. 1642இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. கேரு 1640இலேயே இறந்துவிட்டதால் இதையெல்லாம் பார்க்கவில்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்களிடம் இந்தத் தொடர் இன்றும் கொஞ்சம் குத்தலோடுதான் வரும்.

உருவகமாகப் பயன்படுத்துவதும் புதிதல்ல. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே ‘கசினா’ நாடகத்தின் முன்னுரையில் இதைச் செய்துவிட்டார். இன்று திருவிழா, வட்டிக்காரர்களுக்கும் விடுமுறை, யாரும் கடனைக் கேட்டு வர மாட்டார்கள், கடைத்தெருவைச் சுற்றி மீன்கொத்தி நாட்கள் என்று பார்வையாளர்களைச் சிரிக்க வைக்கிறார். விழா முடிந்த மறுநாள் வட்டிக்காரர் வாசலில் நிற்பார் என்பது கூட்டத்துக்குத் தெரியும். உங்கள் மாணவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

கேள்வி (வாசகர், சேலம்): ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் ‘ஹால்சியன் பீக்ஸ்’ என்று வசைபோல ஒரு தொடர் வருகிறது. அமைதியான அலகு என்று பொருள்கொண்டால் ஒட்டவில்லையே?

பதில்: ஒட்டாது. அங்கே அது பெயரடை இல்லை, பறவையேதான். இறந்த மீன்கொத்தியைக் காயவைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டால், அதன் அலகு காற்று வீசும் திசைக்குத் திரும்பும் என்று அந்தக் கால ஆங்கிலேயர் நம்பினார்கள். எசமானின் மனம் போகும் பக்கமெல்லாம் திரும்பும் வேலைக்காரர்களைத் திட்ட, லியருக்கு விசுவாசமான பிரபு கென்ட் அதைப் பயன்படுத்துகிறார். இதே ஷேக்ஸ்பியர் ‘ஆறாம் ஹென்றி’ முதல் பாகத்தில், போருக்குள் நான் வந்துவிட்டேன், இனி ஹால்சியன் நாட்களை எதிர்பாருங்கள் என்று பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் வாயால் சொல்ல வைக்கிறார். அது நமக்குப் பழகிய பொருள்.

அலகு நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். மருத்துவர் தாமஸ் பிரவுன், மக்களிடம் உலவும் தவறான நம்பிக்கைகளைத் தொகுத்து 1646இல் வெளியிட்ட நூலில், முறுக்காத பட்டிழையில் மீன்கொத்தியைத் தொங்கவிட்டதைப் பதிவு செய்கிறார். இழை முறுக்காததாக இருக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முறுக்கிய நூல் தானாகப் பிரிந்து பறவையைச் சுழற்றிவிடும், காற்றின் மேல் பழி விழும். பறவை காற்றுத்திசையில் நிலைத்து நிற்கவில்லை. ஒரே அறையில் இரண்டைத் தொங்கவிட்டால் ஒன்று ஒரு திசையையும் மற்றது எதிர்த்திசையையும் பார்க்கின்றன என்றும் எழுதினார்.

கேள்வி (வாசகி, பெங்களூரு): இந்தப் பெயரில் தூக்கமாத்திரை இருக்கிறதாமே?

பதில்: ட்ரையசோலம் என்ற மருந்தின் வணிகப் பெயர் ‘ஹால்சியான்’. அதில் ஒய்க்குப் பதில் ஐ. பெயர் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. பிரிட்டன் 1991இல் அதன் விற்பனை உரிமத்தை நிறுத்தியது. கட்டுரையில் ஐ போட்டு எழுதினால் மாத்திரையைப் பற்றி எழுதியதாகத்தான் ஆகும்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர், சென்னை): ‘ஹால்சியன் டேஸ்’ வரும் இடத்தில் தமிழில் ‘பொற்காலம்’ என்று போட்டுவிடுகிறோம். சரியா?

பதில்: மூலத்தில் எழுதியவரே ‘கோல்டன் ஏஜ்’ என்ற எண்ணத்தில் எழுதியிருந்தால் போடலாம். இல்லையென்றால் பொற்காலம் சாதனையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும், சோழர் காலம் போல. குடும்பக் கதை, நினைவுக் குறிப்பு போன்றவற்றில் ‘கவலையில்லாத அந்த நாட்கள்’, ‘நிம்மதியாக ஓடிய ஆண்டுகள்’ என்று எளிமையாகப் போனால் கெட்டுப்போகாது. ‘அந்த’ என்ற சுட்டு இங்கே நிறைய வேலை செய்கிறது. இறந்தகாலத்தின் ஏக்கத்தை அதுவே கொண்டுவந்துவிடும், பெயரடையைத் தேடி அலைய வேண்டாம். போரோ கலவரமோ பின்னால் வரும் பகுதியாக இருந்தால் ‘அலை ஓய்ந்திருந்த நாட்கள்’ பொருந்தும், கடலின் சாயலும் தங்கும். கிரேக்கத்தின் குளிர்கால வானிலையைப் பற்றிய கட்டுரையானால் உருவகம் எதுவும் வேண்டாம்: ‘அல்சியோன் நாட்கள்’ என்று பெயரை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

‘மீன்கொத்தி நாட்கள்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பிளாட்டஸ் நகைச்சுவையைச் சொல்ல மேலே நாமே அப்படி எழுதினோம், ஆனால் கதை முன்னால் இருந்ததால் அது தப்பித்தது. கதை தெரியாத வாசகர் மீன் பிடிக்கும் பருவம் என்றே எடுத்துக்கொள்வார்.